சேர்வராயன் மலையில் சின்னப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மான்ட்ஃபோர்ட் போன்ற பெரிய விடுதிப் பள்ளிகள்தான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது அல்ல. நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, செம்மநத்தம், கொட்டச்சேடு மாதிரியான மலை ஊர்களிலும் அடிவாரத்து ஊர்களிலும் இருக்கிற, ஓட்டுக் கட்டடமோ இரண்டு அறைக் கட்டடமோ கொண்ட தொடக்கப் பள்ளிகளைப் பற்றியது. முதல் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன.

எங்கள் ஊர்ப் பள்ளியில் மொத்தமே இருபது, முப்பது பிள்ளைகள்தான். அங்கே சேர்த்தால் படிப்பு வருமா?

வரும். ஆனால் பள்ளி சின்னது என்பதால் மட்டும் வந்துவிடாது. நல்ல ஆசிரியர் அமைந்த சின்னப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு ‘ற’வும் ‘ர’வும் குழம்புகிறதா, கழித்தலில் கடன் வாங்கத் தெரிகிறதா என்பது ஆசிரியருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் அது தெரியப் பருவத் தேர்வு வரை ஆகும். மறுபக்கமும் உண்டு. பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியர் சரியில்லை என்றால் அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வருவார். சின்னப் பள்ளியில் அதே ஆசிரியரிடம்தான் இரண்டு மூன்று வருடம் பிள்ளை இருக்கும். அதனால் சின்னப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்றால் பாதிக்கு மேல் அந்த ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதுதான். கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டே டீச்சர் வைத்துக்கொண்டு ஐந்து வகுப்பு எப்படி நடத்துவார்கள்?

இதை ஈராசிரியர் பள்ளி என்போம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு. மலை ஊர்ப் பள்ளிகள் பெரும்பாலும் முதல் கணக்கிலேயே அடங்கிவிடும்.

வழக்கமாக ஒருவர் 1, 2, 3 வகுப்புகளையும் மற்றவர் 4, 5 வகுப்புகளையும் எடுத்துக்கொள்வார். ஒரே கூடத்தில் மூன்று வகுப்பும் சேர்ந்து உட்காருவதைப் பார்த்துப் பல பெற்றோர் பயந்துபோகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, பாடம் நடத்தும் முறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் படித்தார்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தில் தடுமாறினால் அந்தப் பாடத்துக்கு மட்டும் அரும்பில் உட்காரும். அதே பிள்ளை கணக்கில் மலரில் இருக்கலாம்.

இது சரியாக நடக்கிற பள்ளிக்குப் போனால் பார்த்ததுமே தெரியும். ஒரு பாயில் நான்கு பிள்ளைகள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். சுவரை ஒட்டி இரண்டு பேர் கதைப் புத்தகத்தில் விரல் வைத்து வாசிப்பார்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்து மூன்று பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். பாயிலிருந்து ஒரு பெண் எழுந்து போய் ‘டீச்சர், இவன் ஒம்போதுக்கே ரப்பர் போட்டுட்டான்’ என்று முறையிடுவாள். சத்தம் இருக்கும். ஆனால் எல்லார் கையிலும் ஒரு வேலை இருக்கும். சரியாக நடக்காத பள்ளியில் ஒரு வகுப்பு மட்டும் படிக்கும், மற்ற இரண்டு வகுப்பும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை.

நேரில் போனால் வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், போவதற்குத் தயங்காதீர்கள். ‘பிள்ளையைச் சேர்க்கலாம் என்று இருக்கிறோம், ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறோம் சார்’ என்றால் நல்ல தலைமை ஆசிரியர் யாரும் மறுக்க மாட்டார். பள்ளி நடக்கும் நாளில், முடிந்தால் காலையில் போங்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ்ஸில் வரும் ஆசிரியர்கள் நிறையப் பேர். ஏற்காட்டில் இறங்கி, உள்ளூருக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அப்படி வந்தும் மணியடிக்கும்போது வகுப்பில் இருக்கிறவர் என்றால் அவரை நம்பிப் பிள்ளையை விடலாம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் பாடப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமான பக்கமாக இருந்துவிடக் கூடாது, நடுவில் எங்காவது திறந்து கொடுங்கள். அந்தப் பள்ளி நான்கு வருடத்தில் என்ன செய்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். மார்க் விவரம் எதுவும் கேட்க வேண்டாம்.

கழிப்பறையைத் திறந்து பாருங்கள். பூட்டியிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா? கோடையில் மலையில் தண்ணீர்த் தட்டுப்பாடு எப்படி என்பது நமக்கெல்லாம் தெரியும், ஆகவே மார்ச், ஏப்ரலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். பாம்பு, பூரான் நடமாடும் இடத்தில் சுற்றுச்சுவர் உண்டா, புதர் வெட்டியிருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்பதும் நல்லது. சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். எல்லாம் தாளில் மட்டும் நடக்கிறதா என்பதை உறுப்பினராக இருக்கும் ஏதாவது ஓர் அக்காவைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, உதவி பெறும் பள்ளி: இவற்றில் என்ன வித்தியாசம்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும். 1 முதல் 5 வரை. நடுநிலைப் பள்ளி என்றால் 8 வரை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையுடையது. அங்கே தங்கிப் படிக்கலாம், சாப்பாடு, தங்கும் இடம் இலவசம், வீட்டிலிருந்து வந்து போகும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். உதவி பெறும் பள்ளியைத் தனியார் நிர்வாகம், பெரும்பாலும் மிஷன் அமைப்பு, நடத்தும், ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையை விடுதியில் விடுவது கடைசி வழியாக இருக்கட்டும். வீட்டருகே இரண்டு ஆசிரியர் ஒழுங்காக வரும் பள்ளி இருந்தால் அந்த வயதில் அதுவே நல்லது. பக்கத்தில் பள்ளியே இல்லாத குக்கிராமம், அல்லது அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்காக வெளியூர் போய்வரும் குடும்பம் என்றால் உண்டு உறைவிடப் பள்ளி பெரிய துணை. அப்போது இரவில் பிள்ளைகளுடன் தங்குகிற காப்பாளர் யார் என்பதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஜூலை 31ஆம் தேதிக்குள் 5 வயது முடிந்திருந்தால் முதல் வகுப்பு. அதற்கு முன்னால் அங்கன்வாடி, நம் ஊர்ப் பேச்சில் பால்வாடி. ஒன்பது, பத்து வயதாகியும் பள்ளிக்கே போகாத பிள்ளை என்றால் முதல் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சேர்க்கை எப்போது நடக்கும்? தேதி தவறிவிட்டால்?

அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மார்ச் 1ஆம் தேதியிலிருந்தே பெயர் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகும் போகலாம். விஜயதசமி அன்று சேர்க்கிற வழக்கமும் உண்டு. எந்த மாதத்தில் போனாலும் ‘அட்மிஷன் முடிந்துவிட்டது’ என்று அரசுப் பள்ளியில் திருப்பி அனுப்பக் கூடாது.

ஆனாலும் ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் பதிவேட்டில் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். பெரிய பள்ளியில் நான்கு பேர் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. சின்னப் பள்ளியில் அந்த நான்கு பேர்தான் கணக்கையே மாற்றுவார்கள்.

என்னென்ன சான்றிதழ் கொண்டுபோக வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், போட்டோ. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு அசலையும் காட்டுங்கள். மலையில் எல்லா ஊரிலும் ஜெராக்ஸ் கடை கிடையாது, ஏற்காடு போகிறபோதே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு மேல் என்றால் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் (டி.சி.), எமிஸ் எனப்படும் கல்வித் துறைக் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்ணும் கேட்பார்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது, டி.சி. வர தாமதம் என்றும் மறுக்கக் கூடாது. இரண்டுமே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, சான்றிதழைப் பிறகு வாங்கிக் கொடுக்கலாம்.

ஆனால் பிறப்புச் சான்றிதழைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்க அதுதான் ஆவணம். வீட்டிலேயே பிரசவம் ஆகி, பதிவே செய்யாமல் ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய் கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருக்கும். பதிவு இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை என்றால் கவலை இல்லை. ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டியும் பெயர் சேர்க்கலாம்.

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவது அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். சேர்க்கையில் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறில்லை. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், தந்தை தாய் பெயர், சாதி, தாய்மொழி, உடம்பில் இருக்கும் மச்சம், தழும்பு என்று அந்த நீளப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். அந்த வரிதான் எமிஸில் ஏறும், அதுவே டி.சி.யில் வரும், அதிலிருந்துதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றில் வேறு எழுத்து, வீட்டில் கூப்பிடும் பெயர் இன்னொன்று என்று இருந்தால், சேர்க்கும் அன்றே எது வேண்டும் என்று முடிவு செய்து பிறப்புச் சான்றை ஒட்டியே எழுதச் சொல்லுங்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்றால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிறகு பிறந்த தேதியை மாற்றுவது பெரிய அலைச்சல். இன்று அதற்குப் பத்து நிமிடம் போதும்.

நாங்கள் மலையாளி என்ற மலைவாழ் இனம் (கேரளத்து மலையாளிகள் அல்ல). சாதிச் சான்றிதழ் இப்போதே வேண்டுமா?

சேர்க்கைக்கு அது இல்லாமல் முடியும். ஆனால் உதவித்தொகைக்கும், மூன்றாம் வகுப்பிலிருந்து பெண் பிள்ளைகளுக்கு வரும் ஊக்கத்தொகைக்கும் அது வேண்டும். சேலம் மாவட்டத்து மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர மாட்டார், வருவாய் கோட்டாட்சியர்தான் தருவார், விசாரணையும் நடக்கும். அதனால் நாள் பிடிக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது அப்பாவின் சான்றிதழ் அல்லது பெரியப்பா, சித்தப்பா சான்றிதழ் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள், வேலை எளிதாகும். பிள்ளை பால்வாடியில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது உத்தமம்.

நுழைவுத் தேர்வு, நன்கொடை, கட்டணம் உண்டா?

அரசுத் தொடக்கப் பள்ளியில் எதுவும் கிடையாது. தனியார் பள்ளியாக இருந்தாலும் நன்கொடை வாங்குவதும், பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதும் சட்டப்படி குற்றம்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

யோசித்துச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்டார்கள் என்று போடாதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில், ஒரே ஆசிரியரிடம்தான் இருப்பார்கள். பேச்செல்லாம் தமிழில்தான் நடக்கும், புத்தகம் மட்டும் மாறும். வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை சூழ்நிலையியலை ஆங்கிலப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டியே ஐந்து வருடத்தைக் கழித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். ஐந்து வயதில் பதிவேட்டில் ‘ஆங்கில வழி’ என்று எழுதிவிட்டால், வகுப்பில் தமிழில் படித்திருந்தாலும் அந்தச் சான்று கிடைக்காது. முதல் தலைமுறையாகப் படிக்கவரும் பிள்ளைக்கு நான் தமிழ் வழியைத்தான் சொல்வேன். ஆங்கிலம் பாடமாக எப்படியும் உண்டு.

தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் மலையில் கிடைக்குமா?

சிறுபான்மை அந்தஸ்து இல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில் மட்டும் கிடைக்கும். எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில், பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் இருந்தாலோ, பழங்குடியினர், ஆதிதிராவிடர் போன்ற பிரிவினராக இருந்தாலோ விண்ணப்பிக்கலாம். ஏற்காட்டின் பெயர்பெற்ற பள்ளிகளில் பல கிறிஸ்தவத் துறவற சபைகள் நடத்துபவை, சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே மலை மேல் இதை நம்பி உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்காமல் காத்திருக்காதீர்கள். அடிவாரத்தில், கன்னங்குறிச்சி பக்கம் குடியிருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். வேன் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் போகும் வழி எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. பனி, காட்டுமாடு. என்ன செய்வது?

1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. மலையில் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது காலுக்கு இரண்டாக இருக்கும். பள்ளி எட்டாத குக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆள் துணையோ வாகனமோ ஏற்பாடு செய்ய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பணம் உண்டு. தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தால் அவர் வட்டார வள மையத்துக்கு அனுப்புவார். தனி ஒருவராகக் கேட்பதைவிட அந்தப் பக்கத்துப் பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் அந்த வழியில் காலை வேளையில் பிள்ளையுடன் ஒரு முறை நடந்து பாருங்கள். ஆடி மாத மழையில் ஓடை நிறைந்தால் தாண்ட முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, துணிமணி?

2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. 2024 ஜூலையிலிருந்து கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளிலும் வந்துவிட்டது. மதியம் சத்துணவு, முட்டையுடன். புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி இலவசம். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை. விடிந்ததும் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குக் காலை உணவு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடுவோம். அப்போது?

கார்த்திகையிலிருந்து மாசி வரை இந்தப் பிரச்சினைதான் மலையில் பிள்ளைகளின் படிப்பைக் குலைக்கிறது. போவதற்கு முன் டீச்சரிடம் சொல்லுங்கள், சொல்லாமல் போகாதீர்கள். போகிற இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி இருக்கிறதோ அங்கே மறுநாளே பிள்ளையை உட்கார வைக்கலாம். எமிஸ் எண்ணைத் தாளில் எழுதி ரேஷன் கார்டுடன் வைத்திருந்தால் போதும், பதிவை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறார்கள் என்றால் பிள்ளையை அவர்களிடம் விட்டுவிட்டு அதே பள்ளியில் தொடரச் செய்வது இன்னும் நல்லது. வடமாநிலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு.

பிள்ளைக்குப் பேச்சு, நடை, கேட்பதில் குறை இருக்கிறது. சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்ள வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறைச் சிகிச்சையாளரும் இருக்கிறார்கள். குறையை மறைத்துச் சேர்க்காதீர்கள், முதல் நாளே சொன்னால்தான் உதவி வரும்.

ஆசிரியர் சரியாக வருவதில்லை, பிள்ளையை அடிக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

முதலில் தலைமை ஆசிரியர், அடுத்து மேலாண்மைக் குழு. அங்கே தீராவிட்டால் ஏற்காட்டில் உள்ள வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். போனில் என்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417. அடிப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிள்ளை பயந்துபோயிருந்தால் 1098க்கும் கூப்பிடலாம், அது குழந்தைகளுக்கான இலவச எண்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு?

சேர்க்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். மலையில் ஐந்தோடு நின்றுபோகும் பிள்ளைகள் பலர் அடுத்த பள்ளிக்கு பஸ் இல்லாததால்தான் நிற்கிறார்கள். நடுநிலைப் பள்ளி எது, காலை பஸ் எத்தனை மணிக்கு, இலவச பஸ் பாஸ் எடுக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு 6 முதல் தங்கிப் படிக்க கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு. பழங்குடிப் பிள்ளைகள் 6ஆம் வகுப்பில் ஏகலைவா உறைவிடப் பள்ளிக்குத் தேர்வு எழுதலாம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதைப் பொறுத்தவை. ஐந்தாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கும் அன்றே அடுத்த பள்ளிக்குப் போய்ப் பெயர் எழுதிவிட்டு வாருங்கள். கோடை விடுமுறை முடியட்டும் என்று விட்டால், அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை எஸ்டேட் வேலைக்குப் பழகிவிடும்.